பாக்கெட் டார்ச் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி

நீங்கள் கேட்டது இதுதான்: இரவுப் பணி முடிந்து பதினொரு மணிக்குத் தாம்பரத்தில் ரயில் இறங்கி முடிச்சூர் பக்கம் வீடு திரும்புகிறவர் நீங்கள், தினமும் சட்டைப் பையிலோ பேண்ட் பையிலோ இருக்கும்படி ஒரு சிறிய டார்ச் வேண்டும், செலவு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது, எத்தனை லூமென் (டார்ச் தரும் மொத்த ஒளியின் அளவு) பார்க்க வேண்டும், பென்சில் செல் போடுவதா, 18650 லித்தியம் போடுவதா, இதற்கெல்லாம் பதிலாகக் கைப்பேசி விளக்கே போதாதா, பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் அதையே வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பு வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில், கையில் டார்ச் இல்லாத நாளே எனக்குக் கிடையாது. அந்த அனுபவத்திலிருந்தும், இந்தச் சிறிய கருவி வேலை செய்யும் விதத்திலிருந்தும் சொல்கிறேன்.

கைப்பேசி விளக்கு, கீழே விழுந்த சாவியைத் தேடுவதற்குப் போதும். மழையில் நனைந்தபடி முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது, பேசுவதற்கும் பணம் செலுத்துவதற்கும் உயிராக இருக்கும் அதே கருவியை விளக்காகவும் நீட்டிப் பிடிப்பது சரியல்ல; அது நழுவினால் இரண்டும் போய்விடும். மேலும் அதன் ஒளி அகலமாகச் சிதறி, ஐந்தாறு அடிக்கு அப்பால் பலவீனப்பட்டுவிடும். தனி டார்ச் வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரியே.

லூமென் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் கடைக்காரர் அதிலிருந்துதான் தொடங்குவார். வீட்டில் மாட்டியிருக்கும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமென் ஒளி தருகிறது. விரல் நீள டார்ச்சின் பெட்டியில் 10,000 லூமென் என்று அச்சிட்டிருந்தால், அதற்குள் அப்படிப் பதினொரு பல்புகளின் ஒளி இருக்கிறது என்று பொருள். அதற்கு ஏறத்தாழ நூறு வாட் மின்சாரம் தேவை. அந்த வெப்பத்தில் அதைக் கையில் பிடிக்கவே முடியாது. ஆகவே அந்த எண்ணைப் பார்த்தவுடன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் கண்ணுக்கு லூமென் இரட்டிப்பானால் ஒளி இரட்டிப்பாகத் தெரிவதில்லை. இரு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற ஏறத்தாழ நான்கு மடங்கு லூமென் வேண்டியிருக்கிறது. 300 லூமெனுக்கும் 400 லூமெனுக்கும் உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். இருட்டு அறையில் எழுந்து தண்ணீர் குடிக்க 1 லூமென் போதும், மின்வெட்டில் சமைக்கவும் சாப்பிடவும் 30 முதல் 50 போதும், தெருவில் பள்ளம் பார்த்து நடக்க 100 முதல் 150 போதும். 300-க்கு மேல் இருப்பது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பது போன்ற சில நிமிட வேலைகளுக்குத்தான்.

எவ்வளவு தூரம் எட்டும் என்பதை லூமென் சொல்லாது, ஒரே திசையில் ஒளி எவ்வளவு செறிவாகக் குவிகிறது என்பதை அளக்கும் கேண்டெலா சொல்லும். அமெரிக்காவில் 2009-இல் உருவான எஃப்எல் 1 என்ற தர அளவீட்டின்படி, ஒளி 0.25 லக்ஸாக, அதாவது பௌர்ணமி நிலவொளி அளவுக்குக் குறையும் தூரமே எட்டும் தூரம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அது மீட்டரில் கிடைக்கும். 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200 மீட்டர். நிலவொளி அளவில் ஒன்றைத் தெளிவாக அடையாளம் காண முடியாது என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்வது என் வழக்கம். நம் தெருக்களில் உங்களுக்கு 40 மீட்டருக்கு மேல் தேவைப்படும் சந்தர்ப்பம் அரிது. அதனால் ஒளியைக் குவித்து வீசும் டார்ச்சைவிட, பரவலாக, ஓரங்களில் மெல்ல மங்கும்படி விரிக்கும் டார்ச்சே பையில் வைத்துக்கொள்ள ஏற்றது.

இனி பேட்டரி. என்னைக் கேட்டால், டார்ச் வாங்குவது என்பது முக்கால் பங்கு பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போடும் உறை. கிராமத்தில் இரண்டு கட்டை டார்ச், மூன்று கட்டை டார்ச் என்று பேட்டரியை எண்ணித்தான் டார்ச்சுக்குப் பெயரே வைத்தார்கள். அதில் நல்ல அறிவு இருந்தது.

18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் அயனி செல். நல்ல செல் ஒன்றில் 2,500 முதல் 3,500 மில்லியாம்பியர் மணி வரை மின்னூட்டம் இருக்கும். 3,000 என்று வைத்து 3.6 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 11 வாட் மணி. சிறிய டார்ச்சுகள் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகின்றன என்று தோராயமாகக் கொண்டால், 100 லூமென் அளவில் அது பத்து மணி நேரத்தை ஒட்டி எரியும். பென்சில் செல்லின் அளவில், அதாவது டபுள் ஏ அளவில் வரும், மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் செல்லில் 1.2 வோல்ட்டில் 2,000 மில்லியாம்பியர் மணி, அதாவது 2.4 வாட் மணிதான் இருக்கிறது. அதே 100 லூமெனில் இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் 18650-ஐத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்த செல் மட்டுமே 45 கிராமுக்குக் குறையாமல் எடையிருக்கும். உறையோடு சேர்த்தால் மெல்லிய சட்டையின் பை தொங்கிப்போகும். ஒரு மாதத்தில் அது வீட்டு மேசைக்குப் போய்விடும், தேவைப்படும் இரவில் உங்களிடம் இருக்காது. பெரிய டார்ச் வைத்திருந்தவர்கள் பலருக்கும் இதுதான் நடந்திருக்கிறது, நானும் அதில் ஒருவன்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று நம் ஊருக்கே உரியது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்து மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும், சென்னையின் பல பகுதிகளிலும் புறநகரிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நீங்கள் இருக்கும் முடிச்சூருக்கு அடையாறு ஆற்றின் வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மூன்றாம் நாளில், சார்ஜ் தீர்ந்த லித்தியம் செல் வெறும் உலோக உருளை. தெருமுனைப் பெட்டிக்கடையில் அப்போதும் கிடைக்கக்கூடியது, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் ஒன்றுதான்.

இந்த இரண்டு தேவைகளையும் சேர்த்துத் தீர்க்கும் வகை ஒன்று இருக்கிறது. 14500 என்ற லித்தியம் செல், பென்சில் செல்லின் அதே உருவ அளவில், 14 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமுமாக வருகிறது. ஆனால் அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுமையாக ஏற்றிய நிலையில் 4.2 வோல்ட். இந்த இரண்டு செல்களில் எதைப் போட்டாலும் எரியும்படி சில டார்ச்சுகளின் உள்சுற்று வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண நாளில் 14500 போட்டு, தேவைப்பட்டால் 500 லூமெனுக்கு மேலும் எடுக்கலாம். புயல் நாளில் பென்சில் செல் போட்டுக் குறைந்த ஒளியில் பல மணி நேரம் ஓட்டலாம். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: இரண்டையும் ஏற்கும் என்று தயாரிப்பாளர் சொல்லாத டார்ச்சில் 14500-ஐப் போட்டால் எல்இடி எரிந்துபோகலாம், வீட்டில் யாராவது அதைப் பென்சில் செல் என்று நினைத்துக் கடிகாரத்திலோ குழந்தையின் பொம்மையிலோ போட்டால், 1.5 வோல்ட்டுக்கான கருவி 4 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். என் வீட்டில் 14500 செல்கள் அனைத்திலும் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு வளையம் போட்டு வைத்திருக்கிறேன்.

பென்சில் செல்லிலும் வேறுபாடு உண்டு. பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் துத்தநாக–கார்பன் வகை. அவை அதிக மின்னோட்டம் கேட்டால் சுருண்டுவிடும், குறைந்த ஒளியில் ஒழுங்காக உழைக்கும். அல்கலைன் வகை அதைவிட வலிமையானது, ஆனால் தீர்ந்தபின் அப்படியே விட்டால் கசியும். என் முதல் நல்ல டார்ச்சை வண்டியின் சீட்டுக்கு அடியில் ஆறு மாதம் மறந்து வைத்துவிட்டேன். திறக்க முயன்றபோது செல்லும் குழாயும் வெள்ளைப் பூஞ்சை போன்ற படிவத்தில் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அந்தப் படிவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்ததால் வருவது. தொடக்க நிலையிலேயே கண்டால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காப்பாற்றலாம், நான் கண்டது தாமதமாக. தினசரிப் பயன்பாட்டுக்கு லித்தியம் வேண்டாம் என்று நினைத்தால், சும்மா கிடந்தாலும் மின்னூட்டம் எளிதில் வடியாத நிக்கல் செல்களை வாங்குங்கள். சான்யோ நிறுவனம் 2005-இல் எனலூப் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வகை இது. ஓராண்டு மேசையில் கிடந்தாலும் பெரும்பகுதி மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

லித்தியம் செல் வாங்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 18650 அளவில் 9,900 மில்லியாம்பியர் மணி என்று உறை சுற்றிய செல் பஜாரில் கிடைக்கும். அந்த உருவத்துக்குள் அவ்வளவு மின்னூட்டம் அடங்கவே அடங்காது. பழைய மடிக்கணினிப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்து, புது உறை போட்டவையும் அவற்றில் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 16046 பதிவு எண் அச்சிட்ட செல்லை, அல்லது டார்ச் நிறுவனமே தரும் செல்லை மட்டும் வாங்குங்கள். அக்னி நட்சத்திர நாளில் மூடிய காருக்குள்ளோ, வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள்ளோ அதை விட்டுவைக்காதீர்கள்.

சார்ஜ் ஏற்றும் துளை டார்ச்சிலேயே இருந்தால் வசதிதான். ஆனால் டைப் சி என்று போட்டிருந்தும், இருபுறமும் டைப் சி முனை கொண்ட கேபிளில் ஏறாத மலிவு டார்ச்சுகள் உண்டு. அவற்றின் உள்ளே 5.1 கிலோ ஓம் அளவுள்ள இரண்டு சிறிய ரெசிஸ்டர்களை வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். உங்கள் கைப்பேசிச் சார்ஜரிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். செல்லை வெளியே எடுக்க முடியாதபடி அடைத்துவிட்ட டார்ச்சுகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

பெட்டியில் எழுதிய மிக உயர்ந்த ஒளி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அடுத்தது. விரல் பருமனுள்ள உலோகக் குழாய் சில வாட் வெப்பத்தைத்தான் காற்றில் கரைக்க முடியும். அதனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் டார்ச் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல, அப்படிக் குறைத்துக்கொள்ளாததுதான் பயப்பட வேண்டியது. எரியும் நேரம் என்று போட்டிருக்கும் எண்ணும் அப்படித்தான்: மேலே சொன்ன தர அளவீட்டின்படி, தொடங்கி 30 வினாடியில் இருந்த ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம் அது. முதல் இரண்டு நிமிடம் 800 லூமெனும், பிறகு மூன்று மணி நேரம் 100 லூமெனும் தரும் டார்ச்சுக்கு, 800 லூமெனில் மூன்று மணி நேரம் என்று நேர்மையாகவே அச்சிடலாம்! நடுத்தர அளவு ஒளியில் எவ்வளவு நேரம் என்ற எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒளியின் நிறத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் தொழிலில் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. மலிவான எல்இடிகள், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 6,500 அளவில் நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும். அந்த ஒளியில் சிவப்பு மிகக் குறைவு. தூசு படிந்த மீட்டர் பெட்டிக்குள் பழைய சிவப்பு வயர் பழுப்பாகத் தெரியும், சம்ப் தண்ணீரில் துரு கலந்திருக்கிறதா என்பது பிடிபடாது, காலில் பட்டது சேறா இரத்தமா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு சிஆர்ஐ. சூரிய ஒளிக்கு அது 100. நிச்சியா நிறுவனத்தின் 519ஏ போன்ற எல்இடிகளில் அது 90-க்கு மேல் இருக்கும். 4,000 முதல் 5,000 கெல்வினுக்குள், சிஆர்ஐ 90 உள்ளதை எடுத்தால் லூமென் எண் கொஞ்சம் குறையும். மழைக்குப் பிறகு தெருவோரம் கிடப்பது கயிறா பாம்பா என்று பார்க்கும்போது, அந்தக் குறைவு உங்கள் நினைவுக்கே வராது.

சுவிட்ச் பின்முனையில் இருக்கலாம், பக்கவாட்டில் இருக்கலாம், அது கைப்பழக்கம். நான் வற்புறுத்துவது இரண்டு. அணைந்த நிலையிலிருந்து நேராக மிகக் குறைந்த ஒளிக்குப் போக ஒரு வழி இருக்க வேண்டும். நள்ளிரவில் முழு ஒளியோடு எரியத் தொடங்கும் டார்ச், பக்கத்தில் தூங்குகிறவரின் பகையைத்தான் சம்பாதித்துத் தரும். இரண்டாவது, பையில் இருக்கும்போது தானாக எரியாதபடி பூட்டிவைக்க முடிய வேண்டும். பல டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்னிணைப்பு அறுந்துவிடும். எந்த மின்னணுப் பூட்டைவிடவும் நான் நம்புவது அதைத்தான். ஒளியைக் கூட்டிக் குறைக்கப் பொத்தானை அழுத்தும் வழக்கமான சுழற்சியிலேயே, விட்டுவிட்டு வெட்டும் ஒளியும் வரும் டார்ச் வேண்டாம். தெருநாய்களை அதனால் விரட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது அவற்றை மேலும் கிளப்பிவிடுகிறது. ஒளியைத் தரையில் அடித்தபடி நிதானமாக நடந்து செல்வது மேல். நடக்கும்போது டார்ச்சை இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழோ பிடியுங்கள். சாய்வாக விழும் ஒளியில்தான் பள்ளத்துக்கு நிழல் விழும், கண் உயரத்தில் பிடித்தால் சாலை தட்டையாகத் தெரிவதோடு மழைத்துளிகளும் கண்ணைக் கூசவைக்கும்.

தண்ணீர் புகாத தன்மைக்கு ஐபிஎக்ஸ் 7 போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அதற்குப் பொருள். தலைப்பகுதியை இழுத்து ஒளியைக் குவிக்கும் ஸூம் வகை டார்ச்சுகளில் பெரும்பாலானவை அந்த நகரும் இடைவெளி வழியாகவே தண்ணீரை உள்ளே விட்டுவிடும். கடற்காற்றும் வியர்வையும் வேறு இருக்கின்றன. திருவான்மியூரில் நான் பார்த்துக்கொள்ளும் குடியிருப்பின் மோட்டார் அறையில் தொங்கவிட்ட டார்ச்சின் ஸ்பிரிங் ஒரே வருடத்தில் பச்சை பிடித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மரைகளைத் துடைத்து, ரப்பர் வளையத்தில் துளி சிலிகான் கிரீஸ் தடவுவது போதும். பின்முனையில் காந்தம் இருந்தால் மின்பலகையின் இரும்புக் கதவில் ஒட்டவைத்து இரண்டு கைகளாலும் வேலை செய்யலாம், ஆனால் கறுப்புக் காந்தப்பட்டை உள்ள அட்டையோடு ஒரே பையில் போடாதீர்கள். காந்தப்பட்டை இல்லாமல் சிப் மட்டும் உள்ள அட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கு நேரில் போவதானால் மாலை வெளிச்சம் மங்கிய பிறகு போங்கள். வெள்ளைச் சுவரில் அடித்து, நடுவில் கறுப்பு ஓட்டையோ ஓரத்தில் பச்சையோ தெரிகிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் மீது குறைந்த ஒளியில் அடித்துப் பாருங்கள். இறக்கைகள் துண்டு துண்டாக, நின்று நின்று சுற்றுவது போலத் தெரிந்தால், மின்னோட்டத்தைச் சீராகக் குறைக்காமல் வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். அது சிலருக்குக் கண்வலியும் தலைவலியும் தரும்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சோஃபிர்ன் எஸ்பி 10 ப்ரோ, ஸ்கில்ஹன்ட் எம் 150 ஆகிய இரண்டும் பென்சில் செல்லையும் 14500-ஐயும் ஏற்பவை. முதலாவதில் ஒரே பொத்தானில் ஏராளமான கட்டளைகள் இருப்பதால் பழக ஒரு வாரம் ஆகும், இரண்டாவது எளிமையானது. வுர்க்கோஸ் டிஎஸ் 10 மிக அழகான சிறிய டார்ச், ஆனால் 14500 மட்டும்தான் போட முடியும் என்பதால் உங்கள் பகுதிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கான்வாய் எஸ் 2 ப்ளஸ் 18650 வகையில் நம்பகமானது. அதை வாங்கினால் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் அல்ல. விலை அடிக்கடி மாறுவதால், இறக்குமதி வரியும் அஞ்சலும் சேர்த்து உங்கள் தொகைக்குள் வருகிறதா என்று அன்றைக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு இதையே வாங்க வேண்டாம். அவருக்கு லித்தியமும் வேண்டாம், நீண்ட அழுத்தம், இரட்டை அழுத்தம் என்ற கணக்கும் வேண்டாம். அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். அந்த அளவில் இரண்டு பென்சில் செல் போடும் சாதாரண எல்இடி டார்ச்சே அவருக்குச் சரி, பருமனாக இருந்தால் கைக்குப் பிடிப்பும் நன்றாக இருக்கும். பூஜை அறைப் பக்கமோ சமையலறை வாசலிலோ ஒரே ஆணியில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். இருட்டில் ஒளிரும் பட்டையை அதன் தலையைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் பழைய செல்களை எடுத்துக் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டு, டார்ச்சுக்குப் புதியவை மாற்றுங்கள்.